புகைபோல் படரும் நாடிகள்: மோயாமோயா நோயும் பாரிசவாத அபாயமும்

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டை முன்னிட்டு, வன்னியில் வாழும் பழைய மாணவிகள் கிளிநொச்சியில் ஒழுங்குசெய்த சுகாதாரக் கருத்தரங்கில், வைத்தியரான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



பாரிசவாதத்தைப் பற்றிக் கதைக்கும்படி சங்கத்தினர் என்னைக் கேட்டிருந்தார்கள். பாரிசவாதம் என்றதும் உங்கள் மனதில் வருவது அப்பப்பா, அம்மம்மா வயதில் உள்ளவர்கள்தான். பிரஷர், சலரோகம், கொலஸ்திரோல், சுருட்டு, சாராயம் என்று அதற்கான காரணங்களை நீங்களே எனக்கு ஒப்புவிப்பீர்கள். அவற்றைப் பற்றிச் சொல்லாத சுகாதாரக் கூட்டமே கிடையாது. ஆகவே இன்று நான் வேறு ஒரு வழியால் வருகிறேன். பிரஷர் இல்லாத, சலரோகம் இல்லாத, வெற்றிலைகூடப் போடாத ஒருவருக்கும் பாரிசவாதம் வரலாம். ஏழு வயதுப் பிள்ளைக்கு வரலாம், நாற்பது வயதுத் தாய்க்கும் வரலாம். அப்படி வரச்செய்யும் அரிய நோய் ஒன்றின் பெயர் மோயாமோயா. ஆண்களைவிடப் பெண்களையே ஏறத்தாழ இரண்டு மடங்கு பிடிக்கும் நோய் இது. பெண்கள் மட்டுமே கூடியிருக்கும் சபையில் இதைப் பற்றிக் கதைக்க எனக்கு அந்த ஒரு நியாயமே போதும்.

பெயரிலிருந்து தொடங்குகிறேன். மோயாமோயா என்பது யப்பானியச் சொல். தெளிவில்லாமல் மங்கலாக, புகைபோல் மிதப்பதை அவர்கள் அப்படிச் சொல்வார்கள். 1957ஆம் ஆண்டு யப்பானில் டக்கெயுச்சி, சிமிசு என்ற இரு வைத்தியர்கள், மூளைக்குச் செல்லும் இரண்டு பெரிய நாடிகளும் ஒடுங்கிப்போயிருந்த ஒரு நோயாளரைப் பற்றி எழுதினார்கள். பிறகு 1969இல் சென்டாய் நகரைச் சேர்ந்த சுசுகி, டக்காகு என்ற இருவர் இப்படியான பலருடைய படங்களை ஒன்றாக வைத்துப் பார்த்து இந்தப் பெயரைச் சூட்டினார்கள். நாடிக்குள் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தால், சாதாரண மூளையில் மரக்கிளைபோல் நாடிகள் தெரியும். இந்த நோயாளரின் படத்திலோ மூளையின் அடிப்பாகத்தில் ஒரு புகைமூட்டம் தெரிந்தது. மாசி மாதத்து விடியலில் யாரோ வளவைக் கூட்டிச் சருகு எரித்தால் அந்தப் புகை மேலெழாமல் தரையோடு நிற்குமே, கிட்டத்தட்ட அப்படித்தான் அந்தப் படம் இருக்கும்.

அந்தப் புகை உண்மையில் என்ன? கிளிநொச்சியில் நின்றுகொண்டு இதை விளக்குவது எனக்கு மிகவும் இலகு, ஏனென்றால் எங்களுக்கு இரணைமடு இருக்கிறது. குளத்திலிருந்து இடது கரை, வலது கரை என்று இரண்டு பெரிய வாய்க்கால்கள் வயலுக்குப் போகின்றன. அதுபோலக் கழுத்தின் இரு பக்கத்தாலும் இரண்டு பெரிய நாடிகள் மூளைக்கு ஏறுகின்றன. பிடரிப் பக்கத்தால் ஏறும் சிறிய சோடி வேறு. மோயாமோயா நோயில் இந்த முன்பக்க நாடிகள் மூளைக்குள் நுழைந்து கிளை பிரியும் அந்த இடத்தில், உட்சுவர் தடித்துத் தடித்து, வருடக்கணக்கில் மெல்ல மெல்ல ஒடுங்குகின்றன. கொழுப்புப் படிந்து அடைபடும் வழமையான விதம் அல்ல இது. பெரிய வாய்க்கால் தூர்ந்தால் வயல் காயாமல் இருக்க உழவன் என்ன செய்வான்? அங்குமிங்கும் மண்ணைக் கீறிச் சின்னச் சின்னக் கான்களால் தண்ணீரைக் கொண்டுபோவான். மூளையும் அதைத்தான் செய்கிறது. நூல் நூலான நுண்ணிய நாடிகளைப் பெருக்கி, அவற்றாலே இரத்தத்தை எடுக்கிறது. படத்தில் புகையாகத் தெரிவது அந்தக் கான்கள்தான்.

நோயின் ஆபத்து முழுவதும் இந்தக் கான்களில்தான் இருக்கிறது, அதுவும் இரண்டு விதமாக. கானால் வரும் தண்ணீர் போதாமல் வயல் காய்வதுபோல, இரத்தம் போதாமல் மூளையின் ஒரு பகுதி செத்துப்போகலாம். அல்லது சின்னக் கானில் அளவுக்கு மீறித் தண்ணீர் ஓடி வரம்பு உடைவதுபோல, மெல்லிய நாடி வெடித்து மூளைக்குள் இரத்தம் கசியலாம். இரண்டுமே பாரிசவாதம்தான். பிள்ளைகளில் பெரும்பாலும் முதலாவது வகை. வளர்ந்தவர்களில், முக்கியமாக ஆசிய நாடுகளில், இரண்டாவது வகையும் அதிகம். நோய் தலைகாட்டும் வயதும் அதேபோல இரண்டாகப் பிரிகிறது. ஐந்து முதல் பத்து வயது வரை ஒரு கூட்டம், நாற்பதுகளில் இன்னொரு கூட்டம்.

எவ்வளவு அரிது என்று கேட்பீர்கள். யப்பானில் 2003ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஒரு இலட்சம் பேருக்கு 6 பேர். அங்கேயே அவ்வளவுதான். கொரியாவிலும் சீனாவிலும் இந்த நோய் காணப்படுகிறது. தென்னாசியாவில் இன்னும் குறைவாகவே கண்டுபிடிக்கப்படுகிறது. இலங்கையிலிருந்தும் தனித்தனி நோயாளர் பற்றிய அறிக்கைகள் மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன. ஆனால் கண்டுபிடிக்கப்படுவது குறைவு என்பதும் நோய் குறைவு என்பதும் ஒன்றல்ல. படம் எடுக்காமல் இதைக் கண்டுபிடிக்க முடியாது. படம் எடுக்கும் இயந்திரம் எட்டாத தூரத்தில் இருந்தால் நோயும் இல்லாததுபோலவே இருக்கும்.

இனி இந்த நோய் ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைகிறது என்று பார்ப்போம். மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்பிள்ளையை எண்ணிக்கொள்ளுங்கள். விசுவமடுவிலோ மாங்குளத்திலோ எங்கேயோ ஒரு வீடு. தம்பியோடு சண்டை பிடித்துவிட்டு விக்கி விக்கி அழுகிறாள். அழுதுகொண்டிருக்கும்போதே வலது கை விறைத்து, பென்சில் கீழே விழுகிறது. வாய் சற்றுக் கோணிப் பேச்சுக் குழறுகிறது. தாய் பதறி ஓடிவந்து தண்ணீர் தெளித்துத் தூக்கி வைத்திருக்க, பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறது. பிள்ளை எழும்பி விளையாடப் போய்விடுகிறாள். இரண்டு கிழமை கழித்து மீண்டும் அப்படி. அதற்குப் பிறகு அப்பம்மா கண்ணூறு கழிக்கிறார், கோயிலில் நூல் கட்டுகிறார்கள், பக்கத்து வீட்டு மாமி பிள்ளை அடம்பிடிக்கிறாள் என்கிறார்.

நூல் கட்டுவதை நான் குறை சொல்ல வரவில்லை. என் கையிலும் நூல் இருக்கிறது. நூல் கட்டிய கையோடு கிளினிக்குக்கும் போக வேண்டும் என்பதே என் வேண்டுகோள். எனக்கு இன்னும் கவலை தருவது எங்களைப் போன்ற படித்தவர்கள் செய்யும் வேறொரு வேலை. வன்னியில் ஒரு பிள்ளை மயங்கினால், கை விறைத்தது என்றால், பேசாமல் இருந்தால், உடனே மனவடு, யுத்தப் பாதிப்பு, வீட்டுப் பிரச்சினை என்று எழுதிவிடுகிறோம். இன்று மூன்றாம் வகுப்பில் இருப்பது 2009க்கு நெடுங்காலம் பிந்திப் பிறந்த பிள்ளை. மனம் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் இங்கே உண்டு, தாய்மாரும் உண்டு, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஒரே பக்கக் கை, ஒரே பக்கக் கால், அல்லது பேச்சு திரும்பத் திரும்பப் போய் வந்தால், முதலில் மூளையைப் பார்த்துவிட்டுப் பிறகுதான் மனதைப் பார்க்க வேண்டும். இந்த ஒழுங்கு மாறக்கூடாது.

அழும்போது ஏன் வந்தது? இதுதான் இந்த நோயின் தனி அடையாளம், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். விக்கி அழும்போதும், வேகமாக ஓடி மூச்சு வாங்கும்போதும், பலமாக ஊதும்போதும் நாங்கள் அளவுக்கு அதிகமாகக் காபனீரொட்சைட்டை வெளியே விடுகிறோம். இரத்தத்தில் அந்த வாயு குறைந்தால் மூளையின் நாடிகள் சுருங்கும். எனக்கும் உங்களுக்கும் அது ஒரு பொருட்டல்ல, கொஞ்சம் தலை சுற்றும், அவ்வளவுதான். ஆனால் கான்களால் மட்டும் தண்ணீர் வரும் வயலில் அந்தக் கான்களும் ஒடுங்கினால் என்ன ஆகும்? சில நிமிடங்களுக்கு மூளையின் ஒரு பகுதி பட்டினி கிடக்கும். யப்பானிய வைத்திய நூல்களில் சூடான நூடில்சை ஊதி ஊதிச் சாப்பிடும் பிள்ளைக்குக் கை விழுந்த கதை வரும். ஊதுகுழல் வாத்தியம் வாசிக்கும் பிள்ளையின் கதையும் வரும். எங்கள் ஊரில் என்ன? ஈர விறகு அடுப்பைக் குழலால் ஊதும் பிள்ளை, பிறந்தநாளுக்குப் பலூன் ஊதும் பிள்ளை, பாண்ட் வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் ஊதும் பிள்ளை, இல்ல விளையாட்டுப் போட்டியில் 400 மீற்றர் ஓடி முடித்த பிள்ளை. இங்கே ஆசிரியைகள் பலர் இருக்கிறீர்கள். ஓட்டம் முடிந்தவுடன் ஒரு பிள்ளையின் ஒரு கை மட்டும் தொங்கினால் அது களைப்பு அல்ல.

இந்த வந்து போகும் விறைப்பைப் பலர் சிறிய விசயமாக எடுத்துக்கொள்வார்கள், சரியாகிவிட்டதே என்று. வந்து போனது ஒரு எச்சரிக்கை. அடுத்த முறை வருவது போகாமலே நின்றுவிடலாம். அதைவிட, வெளியில் எதுவும் தெரியாமலே மூளைக்குள் சிறு சிறு பாரிசவாதங்கள் வந்துகொண்டிருக்கலாம். அந்தப் பிள்ளை நடக்கும், பேசும், ஆனால் படிப்பு மட்டும் கீழே போகும். முன்பு அழகாக இருந்த எழுத்துக் குலையும். கணக்கில் கவனம் நிற்காது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் துரத்தும் காலத்தில் இப்படி ஒரு பிள்ளைக்குச் சோம்பேறிப் பட்டம் கிடைப்பது நிச்சயம். அடிக்கடி தலையிடி, சில வேளை வலிப்பு, சில வேளை ஒரு கையோ காலோ தானாக ஆடுவது, இவையும் இந்த நோயில் உண்டு.

வளர்ந்த பெண்களில் கதை வேறு. நாற்பது வயது, பிரஷர் இல்லை, எந்த மருந்தும் குடிப்பதில்லை. ஒருநாள் திடீரென்று தலை வெடிப்பதுபோல் இடிக்கிறது, சத்தி எடுக்கிறாள், மயங்கி விழுகிறாள். சி.ரி. ஸ்கானில் மூளைக்குள் இரத்தம். வீட்டார் பிரஷர் கூடியிருக்கும் என்று தங்களுக்குள் முடிவுசெய்துவிடுவார்கள். இளவயதில், பிரஷர் இல்லாதவருக்கு இரத்தம் கசிந்தால் நாடிகளையும் படம் எடுத்துப் பார்த்தீர்களா என்று வைத்தியரிடம் கேளுங்கள். பணிவாகக் கேட்டால் எந்த வைத்தியரும் கோபிக்கமாட்டார். கோபித்தாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

படம் என்றதும் வன்னிக்கென்றே உள்ள ஒரு சங்கதியைச் சொல்லியாக வேண்டும். இந்த நோயைக் கண்டுபிடிக்க நல்ல வழி எம்.ஆர்.ஐ. அதிலேயே நாடிகளையும் தனியாக எடுத்துப் பார்க்கலாம், அதற்கு ஊசி மருந்துகூடத் தேவைப்படாமல் இருக்கலாம். ஆனால் எம்.ஆர்.ஐ. என்பது மிகப் பலமான ஒரு காந்தம். எங்கள் பெண்களில் எத்தனை பேருடைய உடம்பில் இன்னும் செல் துண்டுகள் இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். 2009இல் பதினைந்து, இருபது, இருபத்தைந்து வயதில் காயப்பட்டவர்கள், நான் சொன்ன அந்த இரண்டாவது வயதுக் கூட்டத்துக்குள் இப்போதுதான் நுழைந்துகொண்டிருக்கிறார்கள். இரும்புத் துண்டு காந்தத்துக்குள் அசையலாம், சூடேறலாம். கண்ணுக்குள்ளோ முள்ளந்தண்டுக்குப் பக்கத்திலோ பெரிய நாடிக்கு அருகிலோ இருந்தால் அது விளையாட்டல்ல. படம் எடுக்கும் முன் ஒரு படிவம் தருவார்கள். உடம்பில் உலோகம் உண்டா என்று அதில் ஒரு கேள்வி இருக்கும். எங்கே காயப்பட்டது, எப்போது, எப்படி என்று அடுத்தடுத்த கேள்விகள் வருமோ என்ற பயத்தில் இல்லை என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அந்தப் பயம் எனக்கு விளங்கும். ஆனாலும் உண்டு என்றே சொல்லுங்கள். எப்படி வந்தது என்பது படம் எடுப்பவருக்குத் தேவையில்லை, எந்த இடத்தில் இருக்கிறது என்பது மட்டுமே தேவை. முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். எம்.ஆர்.ஐ. கூடாது என்று முடிவானால், நாளத்துக்குள் மருந்தேற்றி சி.ரி. ஸ்கான் எடுக்கும் வழி இருக்கிறது. அதற்குக் காந்தம் இல்லை. துண்டு இருக்கிறது என்பதற்காக ஒருவரும் படம் எடுக்கப் போகாமல் விடவேண்டாம்.

நோய் உண்டு என்று உறுதியானால் என்ன? மீண்டும் பாரிசவாதம் வரும் வாய்ப்பு எவ்வளவு என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். இது ஆளுக்கு ஆள் பெரிதும் மாறும். ஒரு அறிகுறியும் இல்லாமல், வேறு எதற்கோ எடுத்த படத்தில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களை யப்பானில் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். அவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை பாரிசவாதம் கண்டார்கள். ஏற்கெனவே அறிகுறி வந்தவர்களின் நிலை அப்படியல்ல. 2006இல் அமெரிக்காவின் சென்ட் லூயிஸ் நகரிலிருந்து வந்த ஆய்வொன்றில், பாதிப்புக் கண்ட பக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை செய்யாமல் விட்டால் ஐந்து ஆண்டுக்குள் அதே பக்கத்தில் மீண்டும் பாரிசவாதம் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 65 என்று கணித்தார்கள். அது சிறிய ஆய்வு, அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு யாரும் நித்திரையைக் கெடுக்க வேண்டாம். ஆனால் அறிகுறி வந்தவர் பொறுத்துப் பார்ப்போம் என்று இருக்கக்கூடாது என்பது அதிலிருந்து தெரிகிறது.

ஒடுங்கும் நாடியை மீண்டும் விரியச் செய்யும் மருந்து இதுவரை இல்லை. இரத்தம் போதாத வகைக்கு அஸ்பிரின் கொடுப்பார்கள். இரத்தம் கசிந்த ஒருவர் அதே அஸ்பிரினை, பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்தார்களே என்று வாங்கிக் குடித்தால் தீமையே வரும். மருந்துக்கு அப்பால் இருப்பது அறுவைச் சிகிச்சை. காதுக்கு முன்னால், நெற்றிப்பொட்டுப் பக்கம் விரலை வைத்துப் பாருங்கள். ஒரு நாடி துடிக்கும். அது தலைத்தோலுக்குப் போவது. அதைப் பிரித்தெடுத்து, மண்டையோட்டில் சிறு யன்னல் திறந்து, மூளையின் மேற்பரப்பில் ஓடும் நாடியோடு தைத்துவிடுகிறார்கள். தைக்கப்படும் நாடியின் விட்டம் ஒரு மில்லிமீற்றர் அளவுதான். தையல் நூல் தலைமயிரைவிட மெல்லியது. 1967இல் சூரிச் நகரில் யசர்கில் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் முதன்முதல் இந்த இணைப்பைச் செய்தார். வரண்ட வயலுக்கு இரணைமடுவை நம்பாமல் வேறொரு குளத்திலிருந்து வாய்க்கால் வெட்டுவது போன்றது இது. பிள்ளைகளின் நாடி தைக்க முடியாத அளவுக்குச் சிறியதாக இருந்தால், தைக்காமல் மூளையின்மேல் படியவைத்துவிட்டாலே போதும். சில மாதங்களில் அதிலிருந்து புதிய நாடிகள் தாமாக முளைத்து மூளைக்குள் இறங்கும். பிள்ளைகளுடைய உடம்பின் இந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

பலன் உண்டா என்றால், இரத்தம் கசிந்த வளர்ந்தவர்களைப் பற்றி யப்பானில் 22 வைத்தியசாலைகள் சேர்ந்து நடத்திய பரிசோதனையின் முடிவு 2014இல் வெளிவந்தது. மொத்தம் 80 பேர். அறுவைச் சிகிச்சை பெற்ற 42 பேரில் 5 பேருக்கு மீண்டும் கசிந்தது. பெறாத 38 பேரில் 12 பேருக்குக் கசிந்தது. அறுவையின்போதும் அதற்கடுத்த சில நாட்களிலும் பாரிசவாதம் வரும் ஆபத்து ஓரளவு இருக்கிறது என்பதையும் மறைக்கக்கூடாது. ஆகவே பழக்கமான கைகளில் செய்துகொள்ள வேண்டிய காரியம் இது.

எங்கே செய்வது? இங்கேதான் வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பழைய மாணவிகளுக்கு நான் சொல்ல விரும்புவது இருக்கிறது, மலரில் இதை வாசிப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஊரில் ஒரு சொந்தத்துக்கு மூளையில் ஏதோ என்று கேட்டதும் லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் காசு வருகிறது, உடனே சென்னைக்குக் கொண்டுபோங்கள் என்ற கட்டளையும் வருகிறது. உங்கள் அன்பு பெரிது. இந்தியாவிலும் நல்ல இடங்கள் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949லேயே நரம்பியல் சத்திரசிகிச்சை தொடங்கிவிட்டது, திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் இருக்கிறது. ஆனால் எங்கள் நாட்டில் அரச வைத்தியசாலையில் மூளைச் சத்திரசிகிச்சை இன்றும் இலவசம். முதலில் இங்குள்ள நரம்பியல் கிளினிக்கில் காட்டிப் படமும் எடுத்து நோயை உறுதிசெய்யட்டும். கொழும்புத் தேசிய வைத்தியசாலை வரை அனுப்பும் வழி அரச சேவைக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் காசு பஸ் செலவுக்கும், கொழும்பில் தாய் தங்கி நிற்கும் அறைக்கும், அவள் இல்லாத நாட்களில் வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும்தான் பெரிதாக உதவும். கிளினிக்குக்குப் போவதை நிறுத்தும் குடும்பங்கள் பெரும்பாலும் நிறுத்துவது இந்தச் செலவுகளால்தான்.

இன்னொன்று. உங்களில் ஒருவருக்கோ உங்கள் பிள்ளைக்கோ அங்கே இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டால் ஊரிலுள்ள அக்கா தங்கைக்கு அதைச் சொல்லுங்கள். யப்பானில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பேருக்குக் குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருக்கிறது. 2011இல் ஆர்.என்.எஃப்.213 என்ற மரபணுவில் இதனோடு தொடர்புள்ள மாற்றம் ஒன்றையும் கண்டுபிடித்தார்கள். ஆனால் அந்த மாற்றம் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. ஆகவே இதைக் கலியாணப் பேச்சில் குடும்பக் குறை என்று தூக்கிவைக்க ஒரு நியாயமும் கிடையாது. எங்கள் ஊரில் நோயை மறைப்பதற்கு முக்கிய காரணம் இதுதான் என்று எல்லோருக்கும் தெரிந்தும் ஒருவரும் சொல்வதில்லை.

இனி வீட்டுப் பழக்கங்களுக்கு வருகிறேன். இந்த நோயாளருக்கு உடம்பில் நீர் குறைவது பெரிய எதிரி. நீர் குறைந்தால் இரத்தோட்டம் தளரும், கான்கள் முதலில் வற்றும். எங்கள் பகுதி வெயிலைச் சொல்லத் தேவையில்லை. வயல் வேலை, பள்ளிக்கூட மைதானம், வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு வைகாசி வெயிலில் நடை. நேர்த்திக்காக நடக்கிறவர்கள் தண்ணீர்ப் போத்தலோடு நடக்கலாம், அம்மன் கோபிக்கமாட்டா. கந்தசஷ்டி, கௌரி விரதங்களில் தண்ணீரும் குடியாமல் இருப்பது இவர்களுக்கு ஆகாது. வயிற்றோட்டம், கடும் காய்ச்சல் வந்தால் பிள்ளையை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் சேலைன் ஏற்றவேண்டி வரலாம். பல்லுப் பிடுங்குவதென்றாலும் நோயைப் பற்றி முதலே சொல்ல வேண்டும், ஏனென்றால் பயத்தில் அழுவதே பிள்ளைக்கு ஆபத்து. வேறெந்தச் சத்திரசிகிச்சைக்கும் மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பிரஷர் மருந்தைத் தாமாகக் கூட்டிக் குடித்து ஒரேயடியாகக் குறைத்தாலும் மூளைக்கு இரத்தம் போதாமல் போகும்.

கருத்தடை மாத்திரைகளில் ஈஸ்ட்ரஜன் உள்ள வகை இரத்தத்தைக் கட்டியாக்கும் இயல்புள்ளது. இந்த நோயுள்ள பெண்கள் வேறு முறையைப் பற்றிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரியிடமோ கேட்கலாம். பிள்ளை பெறலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், பெறலாம், பலர் நலமாகப் பெற்றிருக்கிறார்கள். ஆனால் முதல் கர்ப்பிணி கிளினிக்கிலேயே சொல்லிவிட வேண்டும். பிரஷரைக் கவனமாகப் பார்ப்பார்கள், பிரசவ வலியில் மூச்சு வாங்காமல் இருக்க வலி குறைக்கும் ஏற்பாடு செய்வார்கள், பெரிய வைத்தியசாலைக்கு நேரத்தோடு அனுப்புவார்கள்.

கடைசியாக, பாரிசவாதம் வந்துவிட்டது என்று சந்தேகித்தால் என்ன செய்வது. இது மோயாமோயாவுக்கு மட்டுமல்ல, எல்லாப் பாரிசவாதத்துக்கும்தான். சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று விழுகிறதா? ஒரு வசனம் சொல்லச் சொல்லுங்கள், குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு 1990ஐ அழையுங்கள். இந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2018 முதல் வடக்கிலும் இருக்கிறது. முல்லைத்தீவிலிருந்து பரந்தனுக்கோ மாங்குளத்துக்கோ வரவே ஏறத்தாழ 50 கிலோமீற்றர், அதற்குப் பிறகு கிளிநொச்சி, வவுனியா, யாழ்ப்பாணம் என்று பாதை நீளும். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொருத்தமானவருக்கு நாலரை மணித்தியாலத்துக்குள் மட்டுமே போடப்படும். எண்ணெய் பூசி உருவிக்கொண்டு விடியட்டும் என்று காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும். வாய்க்குள் தண்ணீரோ தேத்தண்ணியோ ஊற்றாதீர்கள், விழுங்க முடியாமல் மூச்சுக்குழாய்க்குள் போகும். வலிப்பென்றால் பக்கமாகப் படுக்க வையுங்கள். அஸ்பிரின் கொடுக்காதீர்கள், கசிவா அடைப்பா என்பது ஸ்கான் எடுத்த பிறகுதான் தெரியும்.

மோயாமோயா என்று ஏற்கெனவே தெரிந்தவர் ஒரு சின்ன அட்டையில் நோயின் பெயரையும், குடிக்கும் மருந்துகளையும், சத்திரசிகிச்சை செய்திருந்தால் எந்தப் பக்கம் என்பதையும் எழுதி, கிளினிக் கொப்பியோடு வைத்திருக்க வேண்டும். பிள்ளையென்றால் வகுப்பாசிரியையிடமும் ஒரு பிரதி இருக்கட்டும். சத்திரசிகிச்சை செய்த பக்கத்தில் காதுக்கு மேலே இறுக்கமான பட்டியோ தொப்பியோ கண்ணாடிச் சட்டமோ அழுத்தக்கூடாது, அந்தத் தோலுக்குக் கீழால்தான் புதிய வாய்க்கால் ஓடுகிறது. பாடசாலை விளையாட்டு நிகழ்வுகளில் இல்லத்து நிறப் பட்டியைத் தலையில் இறுக்கிக் கட்டும் ஆசிரியைகள் இதை மட்டும் நினைவில் வைத்திருங்கள்.

கேள்விகள் இருந்தால் தேநீர் இடைவேளையில் கேளுங்கள், நான் இங்கேதான் நிற்பேன்.